மௌனம் சம்மதமா?

எங்கள் பேட்டையில் ஒரு வாசகசாலை இருக்கிறது. அங்கத்தினர் 100 பேர். பத்திரிகை படிக்க வருகிறவர்கள் 30 பேர். ஒழுங்காகச் சந்தா கட்டுகிறவர்கள் 40 பேர். அந்த முப்பது பேரும் இந்த நாற்பதில் அடக்கம் என்று நேயர்கள் அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம்.

சென்ற வருஷத்துப் பொதுக் கூட்டத்தில், சந்தாவை உயர்த்த வேண்டும் என்று காரியதரிசி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கூட்டத்துக்கு வந்தவர்கள் 29 பேர். வாசகசாலை விதிப்படி 25 பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். ‘கோரம்’ என்கிறோமே, அது. தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் 20 பேர், எதிர்க்கிறவர்கள் 9 பேர் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எதிர்க்கட்சியில் ஒரு வக்கீல் இருந்தார். வோட்டு எடுக்கப் போகிற சமயத்தில் அவர் எழுந்தார். மற்ற எட்டுப் பேருக்கும் கண்ணால் ஜாடை காட்டினார். ஒன்பது பேரும் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்தார்கள். வெற்றிலைச் செல்லம் திறக்கப்பட்டது. உள்ளே மிஞ்சியவர்கள் 20 பேர். ஜன்னல் வழியாக அக்கிராசனருக்கு ஒன்பது பேரும் நன்றாகத் தெரிந்தார்கள். யாரோ சுண்ணாம்பு கேட்ட குரல்கூட அவர் காதில் விழுந்தது. ஆனால் சட்டப்படி அவர்கள் அங்கே இல்லை. கூட்டம் கலைந்தது.

இருபது பேரை ஒன்பது பேர் தோற்கடித்துவிட்டார்கள். எதிர்த்து வோட்டுப் போட்டு அல்ல, போடாமல் இருந்து. போட்டிருந்தால் தோற்றிருப்பார்கள்.

இந்தத் திண்ணைத் தந்திரத்தை ஒரு தேசம் தன் சட்டப் புத்தகத்திலேயே ஏற்றி வைத்தால் எப்படி இருக்கும்? பிரிட்டிஷ் பார்லிமெண்டு 2016-ம் ஆண்டில் ஏற்றி வைத்தது. பார்லிமெண்டுகளின் தாய் என்று பெயர் வாங்கிய சபை அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

* * *

பிரிட்டனில் ‘வேலை நிறுத்த உரிமை’ என்று சாஸனமாக எழுதி வைத்தது எதுவும் கிடையாது. தொழிலாளி வேலைக்கு வராமல் நின்றால் அவன் ஒப்பந்தத்தை மீறியவன் ஆகிறான். அவனை மீறும்படி தூண்டிய சங்கத்தின்மீது முதலாளி நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். தெற்கு வேல்ஸில் டாஃப் வேல் ரயில்வேக் கம்பெனி அப்படித்தான் வழக்காடி, 1901-ல் பிரபுக்கள் சபை வரை போய் ஜயித்தது. ரயில் ஊழியர் சங்கம் 23,000 பவுன் நஷ்டஈடு கட்ட வேண்டியதாயிற்று. கோர்ட்டுச் செலவு வேறு. சங்கங்களின் பெட்டியைக் காலி செய்ய இதைவிடச் சுலபமான வழி வேண்டியதில்லை. இதன்மேல் எழுந்த கொந்தளிப்பில்தான் 1906-ல் பார்லிமெண்டு, தொழில் தகராறு சம்பந்தமாக இவ்விதமான வழக்கு செல்லாது என்று சங்கங்களுக்குப் பாதுகாப்பு அளித்தது.

நம் சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1918-ல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியாவின்மீது, பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலைகளை நடத்தி வந்த பின்னி கம்பெனியார் 1920-ல் ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கினார்கள். இங்கிலாந்துத் தொழிலாளிக்கு 1906 முதல் இருந்த பாதுகாப்பு இந்தியத் தொழிலாளிக்கு இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் அந்தச் சூட்டில் பிறந்த குழந்தை.

ஆக, பிரிட்டனில் சங்கங்களுக்கு இருப்பது உரிமை அல்ல. வழக்கிலிருந்து ஒரு பாதுகாப்பு. கொடுத்த கை அதற்கு நிபந்தனையும் போடலாம் அல்லவா? 1984-ல் ஸ்ரீமதி தாட்சர் சர்க்கார், இரகசிய வோட்டு எடுத்த பிறகே வேலை நிறுத்தம் என்றது. சுரங்கத் தொழிலாளிகளின் பெரிய போராட்டம் தேசம் தழுவிய வோட்டு இல்லாமலே நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நிபந்தனையை நான் குறை சொல்ல மாட்டேன். நாலு பேர் தெருமுனையில் கை தூக்கி நாலாயிரம் பேரின் அடுப்பை அணைப்பதைவிட இரகசிய வோட்டு மேலானது. 1993-ல் வந்த சட்டம், வோட்டுச் சீட்டைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பி, தபாலிலேயே திரும்பப் பெறவேண்டும் என்றது. 2016 மே 4-ந் தேதி அரச சம்மதம் பெற்று, 2017 மார்ச்சு முதல் அமுலுக்கு வந்த தொழிற்சங்கச் சட்டம் அதன்மேல் இரண்டு பூட்டுப் போட்டது.

முதல் பூட்டு: வோட்டுரிமை உள்ள அங்கத்தினரில் நூற்றுக்கு 50 பேராவது வோட்டுப் போட்டிருக்க வேண்டும். இரண்டாவது பூட்டு: வைத்தியம், பள்ளிக்கூடம், தீயணைப்பு, போக்குவரத்து, எல்லைக் காவல் போன்றவற்றில் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும். அங்கே, போட்ட வோட்டில் பெரும்பான்மை கிடைத்தால் போதாது. போடாதவர்களையும் சேர்த்து மொத்த அங்கத்தினரில் நூற்றுக்கு 40 பேராவது ‘வேண்டும்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

* * *

இப்போது கொஞ்சம் கணக்கு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஸ்லேட்டை வாங்கிப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சங்கத்தில் 1,000 பேர். வேலை நிறுத்தம் வேண்டும் என்று 499 பேர் எழுதிப் போடுகிறார்கள். வேண்டாம் என்று ஒருவரும் எழுதவில்லை. மொத்தம் 499 சீட்டு. பாதிக்கு ஒன்று குறைவு. வோட்டு செல்லாது. அந்த நேரத்தில் வேலை நிறுத்தத்தை மனப்பூர்வமாக வெறுக்கும் ஒரு மனிதர் தபால்பெட்டியைத் தேடிப் போய் ‘வேண்டாம்’ என்று ஒரு சீட்டுப் போடுகிறார். உடனே சீட்டு 500 ஆகிறது. வோட்டு செல்லுபடி ஆகிறது. 499-க்கு 1 என்று வேலை நிறுத்தம் நிறைவேறுகிறது! அந்த ஒரு மனிதர் எதை எதிர்த்தாரோ அதை அவரே நடத்தி வைத்துவிட்டார். அடுத்த வீட்டுச் சங்கத்தில் அதே 1,000 பேரில் 251 பேர் வேண்டும் என்றும் 249 பேர் வேண்டாம் என்றும் போட்டால் அது செல்லும். 499 பேர் ஆதரித்தது சட்ட விரோதம்; 251 பேர் ஆதரித்தது சட்ட சம்மதம்.

இது காகிதக் கணக்குத்தானே என்று நினைப்பீர்கள். 2023 ஜனவரியில் இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் நடந்ததைக் கேளுங்கள். ஆசிரியர்களுக்கு இரண்டு பெரிய சங்கங்கள். சம்பள விஷயமாக இரண்டும் வோட்டு எடுத்தன. தேசீயக் கல்விச் சங்கத்தில் வோட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 53 பேர்; போட்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் வேலை நிறுத்தம் வேண்டும் என்றார்கள். மற்றச் சங்கத்திலும் போட்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் போட்டவர்கள் நூற்றுக்கு 42 பேர்தான். ஆகவே பிப்ரவரி முதல் தேதியன்று ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே தாழ்வாரத்தில், ஒரே சம்பளக் குறையோடு இருந்த இரண்டு உபாத்தியாயர்களில் ஒருவர் வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு நிற்கலாம். மற்றவர் உள்ளே போய்ப் பாடம் நடத்த வேண்டும்.

நர்ஸுகளின் கதை இதைவிடக் கஷ்டமானது. ராயல் நர்ஸிங் கல்லூரி என்று ஓர் ஸ்தாபனம். பெயர் கல்லூரி, காரியத்தில் நர்ஸுகளின் சங்கம், 1916-ல் ஆரம்பித்தது. வேலை நிறுத்தம் என்ற வார்த்தையையே சுலபத்தில் உச்சரிக்காத கூட்டம். அந்த நர்ஸுகள் 2022 டிசம்பர் 15-ந் தேதியும் 20-ந் தேதியும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றபோது பிரிட்டிஷ் ஜனங்கள் கண்ணைத் துடைத்துப் பார்த்தார்கள். அப்போதிருந்த சட்டப்படி, வோட்டினால் கிடைத்த அனுமதி ஆறு மாதத்துக்குத்தான் செல்லுபடி ஆயிற்று. ஆகவே 2023-ல் மறுபடி வோட்டு எடுத்தார்கள். ஜூன் மாதம் முடிவு தெரிந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் போட்டிருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் போராட்டம் தொடர வேண்டும் என்றார்கள். ஆனால் போட்டவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு 43 பேர். போராட்டம் அதோடு முடிந்தது.

நூறு நர்ஸுகள் என்று வைத்துக்கொண்டால் 36 பேர் வேண்டும் என்றார்கள். 7 பேர் வேண்டாம் என்றார்கள். 57 பேர் பேசவில்லை. இன்னும் 7 பேர் ‘வேண்டாம்’ என்று எழுதிப் போட்டிருந்தால் 36-க்கு 14 என்று தீர்மானம் ஜயித்திருக்கும். வேண்டாம் என்று எழுதாததனால் வேண்டாம் என்பது ஜயித்தது. எங்கள் வாசகசாலை வக்கீல் இதைக் கேள்விப்பட்டால், தமக்குச் சேர வேண்டிய புகழை யாரோ அபகரித்ததாக நினைப்பார்.

* * *

இதை நான் ஒரு மாலை என் நண்பரிடம் சொன்னேன். அவர் தபால் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் மறுபக்கம் உண்டு என்பது அவருடைய சித்தாந்தம். கவருக்கும் மறுபக்கம் உண்டு, அங்கேதான் அனுப்புகிறவர் விலாசம் இருக்கும் என்பார்.

“நீங்கள் கணக்குப் போட்டு வேடிக்கை காட்டுகிறீர்கள், ஸார்!” என்றார். “ஆயிரம் பேர் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் இருநூறு பேர் வோட்டுப் போடுகிறார்கள். நூற்றுப் பத்துப் பேர் வேண்டும் என்கிறார்கள். அன்றைக்கு என் தாயார் அங்கே ஆபரேஷனுக்காகப் படுத்திருக்கிறாள். அந்த நூற்றுப் பத்துப் பேருக்காக அவள் காத்திருக்க வேண்டுமா? அவளிடம் யாராவது வோட்டுக் கேட்டார்களா?”

நியாயமான கேள்வி. தேர்தலில் வோட்டுப் போடுகிறவர்கள் தங்களுக்கு எஜமானனைத் தாங்களே தேடிக்கொள்கிறார்கள். அதன் பலனைத் தாங்களே அனுபவிக்கிறார்கள். வேலை நிறுத்தத்திலோ வலியில் ஒரு பங்கு வோட்டே இல்லாதவர்கள் தலையில் விழுகிறது. நோயாளி, ரயிலுக்குக் காத்திருக்கும் பிரயாணி, குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று தவிக்கும் தாய் – இவர்கள் எந்தச் சங்கத்திலும் அங்கத்தினர் அல்ல.

ஆனால் நண்பரிடம் ஒரு விஷயம் சொன்னேன். சங்கத்தில் எடுக்கும் வோட்டு யாரையும் வேலை நிறுத்தம் செய்யும்படி கட்டாயப்படுத்துவதில்லை. அது வெறும் அனுமதி. மறுநாள் காலையில் ஒவ்வொரு தொழிலாளியும் இன்னொரு தடவை வோட்டுப் போடுகிறான். கையால் அல்ல, காலால். வாசலுக்குள் போனால் அன்றைய கூலி உண்டு. வெளியே நின்றால் இல்லை. மாதக் கடைசியில், வீட்டு வாடகை கொடுக்க வேண்டிய சமயத்தில், கூலியைப் பணயம் வைத்துப் போடுகிற அந்த வோட்டைவிட உண்மையான வோட்டு எது? ஆயிரம் பேரில் 110 பேர்தான் மனம் வைத்தால் மறுநாள் 110 பேர்தான் வெளியே நிற்பார்கள். ஆஸ்பத்திரி ஓடும்.

“அந்த நூற்றுப் பத்துப் பேரும் மயக்க மருந்து கொடுக்கிறவர்களாக இருந்தால்?” என்றார் நண்பர்.

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. சில உத்தியோகங்களில் பத்துப் பேர் கை நின்றால் பதினாயிரம் பேர் காரியம் நிற்கும் என்பது வாஸ்தவம். அதனால் இரண்டாவது பூட்டை, அதாவது மொத்தத்தில் 40 பேர் ‘வேண்டும்’ என்று சொல்ல வேண்டும் என்ற விதியை, நான் அடியோடு பரிகசிக்க மாட்டேன். அது கடுமையான விதி. ஆனால் அதில் மூளைக் கோணல் இல்லை. எதிர்த்து வோட்டுப் போடுகிறவர் எதிரிக்கு உதவி செய்யும் விந்தை அதில் நடக்காது.

இவ்வளவு நேரமும் உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த நண்பரின் சகதர்மிணி அப்போது ஒரு கேள்வி கேட்டார். “பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயைத் திறக்காவிட்டால் ‘மௌனம் சம்மதம்’ என்று தாம்பூலம் மாற்றிவிடுகிறீர்கள். அந்த ஊரில் வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் இல்லை என்று அர்த்தமாக்கும்! மௌனத்துக்கு அவரவர் சௌகரியப்படிதான் அர்த்தமா?”

நண்பர் முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மௌனமானார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் விசாரிக்கவில்லை.

* * *

அம்மாள் கேட்டது தான் விஷயத்தின் மர்மஸ்தானம். தொழிலாளி மௌனமாக இருந்தால் ‘வேண்டாம்’ என்று எண்ணிய அதே பார்லிமெண்டு, பிரஜை மௌனமாக இருந்தால் என்ன அர்த்தம் செய்கிறது?

2015 மே மாதம் நடந்த பொதுத் தேர்தலில் வோட்டுரிமை உள்ளவர்களில் நூற்றுக்கு 66 பேர் போட்டார்கள். கன்ஸர்வேடிவ் கட்சிக்குப் போட்ட வோட்டில் நூற்றுக்கு 37 கிடைத்தது. மொத்த வோட்டர்களில் கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு 24 பேர்! இந்த 24 பேரின் ஆதரவில் ஏறிய சர்க்கார்தான் நர்ஸையும் தீயணைப்புக்காரரையும் பார்த்து, “உங்களுக்கு 40 வேண்டும்” என்று சட்டம் செய்தது. ஒரு கட்சியை மட்டும் சொன்னால் பாரபட்சம் ஆகும். 2024-ல் லேபர் கட்சி 650 ஸ்தானங்களில் 411 ஸ்தானங்களைப் பிடித்ததே, அதற்குக் கிடைத்தது மொத்த வோட்டர்களில் நூற்றுக்கு 20 பேரின் ஆதரவு. அந்த நர்ஸுகளின் 36 இவை இரண்டையும்விடப் பெரிது.

2012 நவம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸ் கமிஷனர்களை ஜனங்களே தேர்ந்தெடுக்கும் புது ஏற்பாடு வந்தது. போட்டவர்கள் நூற்றுக்கு 15 பேர் அளவுதான். வேல்ஸில் நியூபோர்ட் நகரத்து வோட்டுச் சாவடி ஒன்றில் காலையிலிருந்து இரவு வரை உத்தியோகஸ்தர்கள் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிராணியும் வரவில்லை. கமிஷனர்கள் எல்லோரும் முறைப்படி பதவி ஏற்றார்கள். 2014-ல் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் நடந்த உபதேர்தலில் போட்டவர்கள் நூற்றுக்கு 10 பேர். அதுவும் செல்லும்.

இன்னும் ஒன்று. தொழிற்சங்கச் சட்டம் அரச சம்மதம் பெற்றது 2016 மே 4. ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு வெளியேறுவதா என்று பிரிட்டிஷ் ஜனங்கள் வோட்டுப் போட்டது அதே வருஷம் ஜூன் 23. நடுவே ஏழு வாரம். வெளியேற வேண்டும் என்றவர்கள் போட்டவர்களில் நூற்றுக்கு 52 பேர். மொத்த வோட்டர்களில் நூற்றுக்கு 37 பேர். நாற்பது என்ற பூட்டு அந்தக் கதவிலும் தொங்கியிருந்தால் கதவு திறந்திராது. தீயணைப்புக்காரர் ஒரு நாள் வேலைக்கு வராமல் நிற்பதற்கு வேண்டிய ஆதரவு, தேசம் ஒரு கண்டத்தின் கூட்டுறவை முறித்துக்கொள்வதற்கு வேண்டியிருக்கவில்லை.

* * *

சரி, அப்படியானால் தேர்தலுக்கும் ஒரு பூட்டுப் போட்டுவிடலாமே என்று சிலர் புறப்படுவார்கள். அவர்களை ஸெர்பியாவுக்கு ஒரு யாத்திரை அனுப்ப வேண்டும்.

ஸெர்பியாவில் ராஷ்டிரபதி தேர்தலுக்கு நூற்றுக்கு 50 பேர் போட்டாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2002 அக்டோபரில் தேர்தல் நடந்தது. கொஷ்டுனிட்ஸா என்பவர் அமோகமாக முன்னணியில் வந்தார். போட்டவர்கள் 45 சதவிகிதம், தேர்தல் செல்லாது. டிசம்பரில் மறுபடி நடத்தினார்கள். மறுபடியும் அவர்தான் முதல், மறுபடியும் 45, மறுபடியும் செல்லாது. பழைய ராஷ்டிரபதியின் காலம் முடிந்துவிட்டது. புதியவர் இல்லை. சபாநாயகியான அம்மாள் தற்காலிகமாக அந்த நாற்காலியில் அமர்ந்தார். அந்த நிலைமையில் 2003 மார்ச்சு 12-ந் தேதி பிரதம மந்திரி ஜிஞ்ஜிச்சைத் தலைநகரின் நடுவில் சுட்டுக் கொன்றார்கள். அவசர நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ராஷ்டிரபதி இல்லை; தற்காலிக அம்மாள்தான் இட்டார். அதே ஆண்டு நவம்பரில் மூன்றாம் தடவை தேர்தல் வைத்தார்கள். இந்தத் தடவை வந்தவர்கள் 39 சதவிகிதம்கூட இல்லை. செல்லாத தேர்தலுக்கு எத்தனை முறை மனிதன் நடப்பான்? 2004-ல் விதியையே எடுத்து எறிந்த பிறகுதான் போரிஸ் டாடிச் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போதும் போட்டவர்கள் 48 சதவிகிதம்தான்.

நம்முடைய தேசத்துக்கே வாருங்கள். 1951–52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வோட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய 45 சதவிகிதம். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான ஜனங்கள் முதன் முதலாகச் சீட்டைக் கையில் பிடித்து, படம் பார்த்துப் பெட்டியில் போட்ட அந்த மகத்தான தேர்தலை, 50 என்ற கோல் கொண்டு அளந்திருந்தால் ‘செல்லாது’ என்று தள்ளியிருக்க வேண்டும். முதல் லோக் சபையே கூடியிராது. நம் சட்டத்தில் அந்தக் கோல் இல்லை. இல்லாததனால் மற்றொரு கோடியில் சில விநோதங்களும் உண்டு: 2017-ல் ஸ்ரீநகர் உபதேர்தலில் கலவரத்துக்கு நடுவே நூற்றுக்கு 7 பேர் போட்ட வோட்டில் ஒருவர் லோக் சபைக்குப் போனார், 2024-ல் சூரத்தில் போட்டியே இல்லாமல், ஒரு வோட்டும் விழாமல், ஒருவர் போனார். இவற்றைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட முடியாது. ஆனாலும் ஸ்தானம் காலியாக இருப்பதைவிட இது பரவாயில்லை என்பது நம்மவர் கண்ட வழி. யாராவது ஒருவர் உட்கார்ந்தே தீர வேண்டிய நாற்காலி அது. வேலை நிறுத்தம் நடந்தே தீர வேண்டியது அல்ல. இந்த வித்தியாசத்தை மட்டும் நண்பருக்கு விட்டுக் கொடுத்துவிடலாம்.

எது நடக்காவிட்டாலும் குடி முழுகாதோ, அங்கே பூட்டுப் போடலாம் என்று இத்தாலியர்கள் நினைத்தார்கள். ஒரு சட்டத்தை ரத்துச் செய்ய ஜனங்களின் வோட்டைக் கேட்கும்போது பாதிக்கு மேல் போட்டால்தான் செல்லும் என்பது அவர்களுடைய 1948-ம் வருஷத்து அரசியல் சட்டம். 1991 ஜூன் மாதம் ஒரு தேர்தல் சீர்திருத்தம் வோட்டுக்கு வந்தது. அதை விரும்பாத சோஷலிஸ்டுத் தலைவர் க்ராக்ஸி ஜனங்களுக்குச் செய்த உபதேசம் என்ன தெரியுமா? கடற்கரைக்குப் போய் உல்லாசமாக இருங்கள் என்பதுதான்! திண்ணைக்குப் பதில் கடற்கரை. ஜனங்கள் அந்தத் தடவை கேட்கவில்லை; நூற்றுக்கு 62 பேர் போட்டார்கள், போட்டவர்களில் நூற்றுக்கு 95 பேர் சீர்திருத்தம் வேண்டும் என்றார்கள். ஆனால் உபதேசம் வீண்போகவில்லை. 1999-ல் இன்னொரு சீர்திருத்தம் வந்தது; போட்டவர்கள் 49.6 சதவிகிதம், அவர்களில் 91 சதவிகிதம் ஆதரவு, செல்லாது. 2025 ஜூன் மாதம் தொழிலாளர் சட்டங்களைப் பற்றியும் குடியுரிமையைப் பற்றியும் கேட்டார்கள். போட்டவர்கள் 30 சதவிகிதம் அளவுதான். எதிர்க்கிறவர்கள் பிரசங்கம் செய்ய வேண்டாம், துண்டுப் பத்திரிகை அச்சடிக்க வேண்டாம். சோம்பேறிகளைத் தங்கள் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டால் போதும்.

மொத்தத்தில் நாற்பது என்ற விதியும் பிரிட்டனுக்குப் புதிது அல்ல. 1979 மார்ச்சு முதல் தேதி ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டசபை வேண்டுமா என்று வோட்டு எடுத்தபோது, கன்னிங்ஹாம் என்ற அங்கத்தினரின் திருத்தத்தினால் அந்த விதி அங்கே நுழைந்தது. அவர் ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டன் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தவர். வேண்டும் என்றவர்கள் 12 லட்சத்து 30 ஆயிரம். வேண்டாம் என்றவர்கள் 11 லட்சத்து 53 ஆயிரம். ஜயித்தவர்கள் தோற்றார்கள், ஏனென்றால் மொத்தத்தில் அவர்கள் 33 சதவிகிதம்தான். மொத்தம் என்பது எந்த மொத்தம்? பட்டியலில் செத்தவர்கள் இருந்தார்கள். இரண்டு ஊரில் பெயர் பதிந்த மாணவர்கள் இருந்தார்கள். சர்க்கார் அவர்களை உத்தேசமாகக் கழித்துக் கணக்குப் பார்த்தும் போதவில்லை. கழிக்காமல் விட்டுப்போன ஒவ்வொரு பிரேதமும் ‘வேண்டாம்’ என்று வோட்டுப் போட்டதாகத்தான் அர்த்தம். அதே மாதம் 28-ந் தேதி ஸ்காட்டிஷ் தேசீயவாதிகளும் எதிராகப் போட, காலஹன் மந்திரிசபை 311-க்கு 310 என்று ஒரே வோட்டில் கவிழ்ந்தது. சட்டசபை வருவதற்கு இருபது வருஷம் ஆயிற்று. 1997-ல் மறுபடி கேட்டபோது பூட்டு எதுவும் போடவில்லை. போட்டவர்களில் நூற்றுக்கு 74 பேர் வேண்டும் என்றார்கள்.

* * *

ஜனங்கள் ஏன் வோட்டுப் போடவில்லை என்று கேட்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் 1922-ல் அறுபது சதவிகிதத்துக்கும் குறைந்துபோனதும் அவர்கள் தேர்தலைச் செல்லாததாக்கவில்லை. 1924-ல் வோட்டுப் போடுவதைக் கட்டாயக் கடமையாக்கினார்கள். 1925-ல் 91 சதிவிகிதம் பேர் வந்தார்கள். பிரிட்டிஷ் தொழிலாளியையோ தபாலில்தான் போட வேண்டும் என்று கட்டிப் போட்டார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிற இளம் நர்ஸு, வீடு மாறி மூன்று மாதம் ஆனவள், பழைய விலாசத்துக்குப் போன கவரைத் தேடிப் பிடித்து, பேனா தேடி, தபால்பெட்டி தேடி... என் நண்பரே ஒப்புக்கொண்டார், இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தபால்பெட்டி என்றால் பட்சிகள் கூடு கட்டும் சிவப்பு டப்பா என்றுதான் தெரியும் என்று. இணையம் வழியாகப் போட அனுமதிக்கலாமா என்று ஆராய ஸர் கென் நைட் என்பவரை நியமித்தார்கள். அவர் 2017 டிசம்பரிலேயே அறிக்கை கொடுத்தார். அது பீரோவில் தூங்கிற்று. 2022-ல் கன்ஸர்வேடிவ் கட்சி தன் தலைவரை, அதாவது தேசத்தின் பிரதம மந்திரியை, தேர்ந்தெடுத்தபோது அங்கத்தினர்கள் இணையம் வழியாகவே வோட்டுப் போட ஏற்பாடு செய்திருந்தது. பிரதம மந்திரிக்கு ஆகும் முறை நர்ஸுக்கு ஆகவில்லை.

லேபர் சர்க்கார் கொண்டுவந்த தொழில் உரிமைச் சட்டம் 2025 டிசம்பர் 18-ந் தேதி அரச சம்மதம் பெற்றது. 40 சதவிகித விதியை இரண்டு மாதத்தில் நீக்குவதற்கு அதில் வழி செய்தார்கள். 50 சதவிகித விதியை மட்டும், இணைய வோட்டு வந்து பழகட்டும் என்று மந்திரியின் விருப்பத்துக்கு விட்டு ஒத்திப் போட்டார்கள். இதுதான் எனக்கு விளங்கவில்லை. கடுமையானாலும் அர்த்தமுள்ள பூட்டை முதலில் உடைத்தார்கள். அர்த்தமில்லாத பூட்டை எண்ணெய் போட்டுக் காப்பாற்றி வைத்தார்கள். உயிர் காக்கும் சில வேலைகளுக்கு மட்டும் ‘வேண்டும்’ என்பவர்களுக்கு ஒரு குறைந்தபட்சம் வைத்துவிட்டு, வந்தவர் தலையை எண்ணும் வழக்கத்தை அன்றைக்கே ஒழித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் வேண்டாம் என்று நினைக்கிற நர்ஸு தைரியமாக வேண்டாம் என்று எழுதிப் போடுவாள். அவளுடைய சீட்டு அவளுக்கே எதிராக வேலை செய்யாது.

இதை எழுதி முடிக்கும் தறுவாயில் வாசகசாலைக் காரியதரிசி வீட்டுக்கு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பொதுக் கூட்டமாம். சந்தாத் தீர்மானம் மறுபடியும் வருகிறதாம். ஆதரிக்கிற இருபது பேரும் கட்டாயம் வருவார்களாம். “ஆகையினால் நீங்களும் இன்னும் ஒரு நாலு பேரும் தயவு செய்து வந்து, உட்கார்ந்திருந்து, எங்களை எதிர்த்து வோட்டுப் போட வேண்டும்” என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வக்கீல் முன்னதாகவே வந்து, திண்ணையில் எனக்கும் ஓர் இடம் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.